கம்பு திரையேறிய கதை

தமிழ்ப் படத்தில் கதாநாயகன் கம்பெடுத்துச் சுற்றினால் கொட்டகையே எழுந்து விசிலடிக்கும். ஆதியிலிருந்தே இருந்துவரும் வழக்கம் இது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு; அதைத் தொடங்கி வைத்த ஆளும் உண்டு. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பித்த பிறகு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்குக் கதாநாயகனுக்குப் பாட்டுத்தான் ஆயுதம். பாட்டு ஓய்ந்த இடத்தில் வாள் வந்தது. கம்பு அப்போதெல்லாம் காவல்காரன் கையிலும் அடியாள் கையிலும்தான் இருந்தது. அதை வாங்கிக் கதாநாயகன் கையில் நிலையாகக் கொடுத்தவர் எம்.ஜி.ஆர்.

அவரைப் பற்றி எழுதாத பக்கம் இல்லை. முதலமைச்சராக, கட்சித் தலைவராக, வள்ளலாக அவரை எழுதிவிட்டார்கள். வித்தை கற்ற உடம்பாக அவரை எழுதியவர்கள் குறைவு. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு. மரக்காணம் உப்பளக் கரையில் இருந்துகொண்டு பார்த்தால் அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. கீழ்புத்துப்பட்டில், காடு சூழ்ந்த அய்யனார் கோயில் இருக்கிற இந்தக் கடலோரப் பக்கத்தில், மாலையானால் பிள்ளைகள் கம்பு சுற்றிப் பழகுகிறார்கள். ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் பிறந்த அதே தீவில், கண்டிக்குப் பக்கத்து நாவலப்பிட்டியில், 1917 ஜனவரி 17-ஆம் தேதி பிறந்தவர்தான் எம்.ஜி.ஆர். இந்தக் கரையில் சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார்களிடம் அரை மணி நேரம் பேசினால் போதும், அவர் பெயர் வராமல் இருக்காது. அந்தப் பெயர் எப்படிச் சிலம்பக் களத்துக்குள் வந்தது, சிலம்பம் எப்படிப் படப்பிடிப்புத் தளத்துக்குள் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாய்ஸ் கம்பெனி முற்றம்

தகப்பனார் மருதூர் கோபாலன் மேனன் இறந்தபோது எம்.ஜி.ஆர். கைக்குழந்தைப் பருவம் தாண்டாதவர். தாயார் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். யானையடிப் பள்ளியில் கொஞ்சநாள் படிப்பு. வீட்டில் அடுப்பெரிவதே சிரமம் என்ற நிலையில் அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். பையன்களை வைத்து நாடகம் போடுகிற கம்பெனி அது. அவர்களுக்குச் சோறு கிடைத்தது. கூடவே தொழிலும் கிடைத்தது.

அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளை நாடகக்குழு என்று மட்டும் எண்ணிவிட முடியாது. பையன்கள் அங்கேயே தூங்கி, அங்கேயே எழுந்து, பாடம் கேட்டு, அடியும் வாங்கி வளர்ந்தார்கள். பாட்டு, வசனம், ஆட்டம் மூன்றும் தெரிய வேண்டும். ராஜா ராணிக் கதைகளில் வாள்சண்டை இல்லாமல் ஆட்டம் முடியாது; எனவே கத்தி பிடிக்கவும் தெரிய வேண்டும். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் குரல் எட்டியதைப் போலவே கையசைவும் எட்டியாக வேண்டும். வாளை ஓங்கினால் முழுக் கையும் ஓங்கும், தோளும் இடுப்பும் கூடவே திரும்பும். எம்.ஜி.ஆரின் நடிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த விரிந்த கையசைவைத் தனித்துச் சொல்வார்கள். அதன் விதை விழுந்தது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்குக் கீழே, கொட்டகையின் கடைசி ஆளுக்காக.

அந்தக் கம்பெனியில் அப்போது ராஜபார்ட் போட்டுப் புகழோடு இருந்தவர் புதுக்கோட்டைக்காரர் பி.யு. சின்னப்பா. நம் கதையின் முதல் வீரர் அவர்தான்.

தொண்டை உடைந்த பிறகு

சின்னப்பா 1916-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே நாடகத்துக்கு வந்து, குரலால் பெயரெடுத்தார். பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் எல்லாருக்கும் ஒரு கண்டம் உண்டு. மீசை அரும்பும் வயதில் தொண்டை உடையும். மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை ஐந்து கட்டையில் பாடியவனால் இன்று மூன்று கட்டையில்கூட நிற்க முடியாது. பலபேருடைய நாடக வாழ்க்கை அத்தோடு முடிந்துபோனது. சின்னப்பாவும் கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார்.

திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. குரல் திரும்புமோ திரும்பாதோ என்று தெரியாத அந்த இடைவெளியில் உடம்பைப் பிடித்துக்கொண்டார். சிலம்பம், குஸ்தி, பாரம் தூக்குதல், சுருள்கத்தி என்று ஒவ்வொன்றாகக் கற்றார். பாட்டும் கேட்டுக்கொண்டார். குரல் திரும்பியபோது, பாடவும் சண்டைபோடவும் ஒருசேரத் தெரிந்த ஆள் தமிழ் சினிமாவுக்குக் கிடைத்தார். 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் அவருக்கு இரட்டை வேடம். தமிழ்ப் படத்தில் ஒரே நடிகர் இரண்டு வேடம் போட்டது அதுதான் முதல்முறை. நல்லவனும் கெட்டவனும் ஒரே முகம் என்றால் இருவரையும் உடம்பு நிற்கிற விதத்தில்தான் பிரித்துக் காட்ட முடியும். கற்ற வித்தை அவருக்கு அதில் கைகொடுத்திருக்கும். ‘ஆரியமாலா’, ‘கண்ணகி’, ‘ஜகதலப்பிரதாபன்’ என்று தொடர்ந்து வென்றவர், 1951 செப்டம்பரில், முப்பத்தைந்தே வயதில் காலமானார்.

சின்னப்பா திறந்த வழி அகலமானது. கதாநாயகன் வீரன் என்று வசனத்தில் சொன்னால் போதாது, அவன் உடம்பில் அது தெரிய வேண்டும் என்பதைத் தமிழ் ரசிகர்களுக்குப் பழக்கிவிட்டுப் போனார். ஆனாலும் அவருடைய படங்கள் பாட்டின் மேல்தான் நின்றன. பாட்டில்லாமல் சின்னப்பா இல்லை. பாடத் தெரியாத வீரன் கதாநாயகனாக வேண்டுமென்றால் சினிமாவின் அமைப்பே மாற வேண்டியிருந்தது.

பாட்டு பின்னணிக்குப் போனது

அது மாறவும் செய்தது. 1930-களில் நடிகர்தான் பாட வேண்டும், காமிரா முன்னால் நின்றே பாட வேண்டும். 1938-இல் ஏவி.எம். செட்டியார் ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் முறையைக் கொண்டுவந்தார். பத்தாண்டுக்குள் அது பொது வழக்கமாகிவிட்டது. பாடுவது ஒருவர் வேலை, நடிப்பது இன்னொருவர் வேலை என்று பிரிந்ததும் கதாநாயகன் நாற்காலி எல்லாருக்கும் திறந்தது. 1944-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதர் கைதாகிச் சிறை சென்றார். வெளியே வந்த பிறகு பழைய வெற்றி அவருக்குத் திரும்பவில்லை. பாடி ஆண்ட தலைமுறை மெல்ல ஒதுங்கியது.

எம்.ஜி.ஆர். அதுவரை காத்துக்கொண்டிருந்தார். 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் போலீஸ் இன்ஸ்பெக்டராகத் தலைகாட்டியவர், அடுத்த பத்தாண்டுகளில் செய்தவை எல்லாம் துண்டு வேடங்கள். படைத்தளபதி, மந்திரி, பரமசிவன் என்று வந்துபோவார். ‘ஸ்ரீ முருகன்’ படத்தில் சிவதாண்டவம் ஆடினார். மேடையில் பழகிய உடம்பு வீணாகாமல் உடற்பயிற்சியை விடாது செய்துவந்தார். மதுரை மாடக்குளம் ரவியிடம் அவர் சிலம்பம் கற்றார் என்று சிலம்பக்காரர்கள் சொல்வது வழக்கம். பெரிய பாட்டுக்குரல் அவருக்கு இல்லை. அந்தக் காலத்துக் கணக்கில் அது பெருங்குறை. அந்தக் குறையை உடம்பால் ஈடுகட்ட முடியும் என்ற நம்பிக்கைதான் அவரைப் பத்தாண்டு நிறுத்தி வைத்திருந்தது.

கோவையின் கோதா

1947-இல் ஜுபிடர் பிக்சர்ஸ் ‘ராஜகுமாரி’ எடுத்தது. கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு, இயக்கம் ஏ.எஸ்.ஏ. சாமி, வசனம் எழுதியவர் இளைஞர் மு. கருணாநிதி. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். பாட்டுக்கு எம்.எம். மாரியப்பா குரல் கொடுத்தார்.

அந்தப் படத்தில் கதாநாயகனோடு மோத ஒரு மல்லன் வேண்டும். கோவையில் அப்போது ஆலைகள் நிறைந்த பேட்டைகளில் தேகப்பயிற்சிச் சாலைகளும் குஸ்திக் கோதாக்களும் பெருகிக் கிடந்தன. ஆலையில் ஷிப்டு முடிந்ததும் கரலாக்கட்டை சுழற்றப் போகிற இளைஞர்கள் அங்கே ஏராளம். அப்படிப்பட்ட ஒரு பயிற்சிச் சாலையை நடத்தி, மில் வேலையும் பார்த்து, ‘சாண்டோ’ என்று பெயர் வாங்கியவர் கோவை ராமநாதபுரம் எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். அவருக்கே அந்த வேடத்தைக் கொடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். வற்புறுத்தி வாங்கிக் கொடுத்தார்.

அதுவரை திரையில் பயில்வானும் நடிகரும் மோதினால் பயில்வான் விட்டுக்கொடுப்பது பளிச்சென்று தெரியும். இங்கே எதிரெதிரே நின்ற இருவருக்கும் வித்தை தெரியும். பிடி எங்கே, வழுக்கல் எங்கே என்று இருவருக்கும் ஒரே பாஷை. தமிழ் சினிமாவின் சண்டைக்காட்சி ஒரு தொழிலாக ஊன்றியதில் கோவைக் கோதாக்களுக்கும் சேலம், கோவை ஸ்டூடியோக்களுக்கும் இருந்த இந்த அண்மைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். அதே தேவர் பின்னாளில் தயாரிப்பாளராகி எம்.ஜி.ஆரை வைத்துப் பதினாறு படங்கள் எடுத்தார். கோதாவில் பிறந்த நட்பு அப்படி ஒரு கம்பெனியாகவே வளர்ந்தது.

வாள் ஆண்ட பத்தாண்டு

உடனே கம்பு வந்துவிடவில்லை. முதலில் வாள்தான். 1948 ஏப்ரலில் எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ வெளியானது. முரசாட்டம் முடிந்து முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் குதித்து வெளியேறும் காட்சியை இன்றைக்கும் சொல்லி வியக்கிறோம். அதன் முடிவில் எம்.கே. ராதாவும் ரஞ்சனும் போடும் வாள்சண்டை, இந்தியப் படங்களிலேயே நீளமானது என்று பேர்வாங்கியது. ரஞ்சன் நடனம், சங்கீதம், வாள்வீச்சு, விமானம் ஓட்டுதல் என்று பல கலை கற்றவர். மேல்நாட்டுப் பாணி வாள்வீச்சைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. டக்ளஸ் பேர்பாங்ஸ், எர்ரல் ஃபிளின் படங்கள் சென்னைக் கொட்டகைகளில் ஓடி, ரசிகர்களின் கண்ணைப் பழக்கியிருந்த காலம் அது.

எம்.ஜி.ஆர். அந்த அலையில் ஏறினார். 1950-இல் ‘மந்திரி குமாரி’, ‘மருதநாட்டு இளவரசி’, 1951-இல் ‘மர்மயோகி’, ‘சர்வாதிகாரி’, 1954-இல் ‘மலைக்கள்ளன்’, 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, ‘மதுரை வீரன்’. 1958-இல் தாமே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’. எதிரே பி.எஸ். வீரப்பா, எம்.என். நம்பியார். தளபதியாக, கொள்ளைக்காரனாக, நாடோடியாக வந்து அநியாய அரசை எதிர்ப்பவனாகவே அவர் வாளெடுத்தார். வாளின் பக்கம் எப்போதும் நியாயம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

ஆனாலும் வாள் ராஜாக்களின் ஆயுதம். கொட்டகையில் மண்தரையில் உட்கார்ந்து பார்த்த விவசாயியின் வீட்டிலோ மீனவர் குடிசையிலோ வாள் கிடையாது. அவர்கள் வீட்டுக் கூரை எறவாணத்தில் செருகியிருந்தது கம்பு.

ராஜா உடை கழன்றபோது

1959-இல் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகத்தில் நடிகர் குண்டுமணியைத் தூக்கும் காட்சி. அந்த மேடையில் எம்.ஜி.ஆரின் கால் முறிந்தது. சண்டைக்காரரின் முதலீடே கால்தான். இனி அவர் அவ்வளவுதான் என்று பேசினவர்கள் இருந்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து வந்து அவர் முடித்துக் கொடுத்த ‘திருடாதே’ 1961-இல் வெளியாகி ஓடியது. பேண்ட் சட்டை போட்ட சமூகப் படம். அந்த வெற்றிக்குப் பிறகு அரண்மனை செட்டுகள் குறைந்து, வயலும் தோப்பும் சந்தையும் கதைக்களம் ஆயின. திராவிட இயக்கம் ஊர் ஊராகப் பரவிய காலம். கதாநாயகன் உழவனாக, மாட்டுக்காரனாக, மீனவனாக, ரிக்‌ஷாக்காரனாக மாறினான்.

அவன் கையில் வாளைக் கொடுக்க முடியாது. துப்பாக்கி போலீஸுக்கும் வில்லனுக்கும் உரியது. மிச்சம் இருந்தது கம்பு. அதைக் கையாளத் தெரிந்த உடம்பு எம்.ஜி.ஆரிடம் தயாராக இருந்தது. 1956-லேயே தேவர் பிலிம்ஸின் முதல் படமான ‘தாய்க்குப் பின் தாரம்’ கிராமத்துக்குள் போய் மாடுபிடி காட்டியிருந்தது. 1963-இல் டி.ஆர். ராமண்ணாவின் ‘பெரிய இடத்துப் பெண்’ வந்தபோது, ஊர்க் களத்தில் எம்.ஜி.ஆரும் அசோகனும் மோதும் சிலம்பப் போட்டி கதையின் திருப்பமாகவே அமைந்தது. சண்டைக்காக ஒட்டிய காட்சி என்ற நிலையிலிருந்து, மானமும் வாழ்வும் அடங்கிய பந்தயமாகச் சிலம்பம் உயர்ந்தது.

கம்பு கேட்கிற நேர்மை

இங்கே கம்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சிலம்பக் கம்பு பொதுவாக ஆளின் நெற்றி உயரம் இருக்கும். கணு நெருங்கிய மூங்கிலையோ பிரம்பையோ வெட்டி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் ஏற்றி வைப்பார்கள். கடலோர மணலில் பழகும் பையனுக்கு முதல் நாள் கம்பைச் சுற்றக் கொடுப்பதில்லை. வணக்கம் வைத்து, மண்ணைத் தொட்டு, காலடி கற்க வேண்டும். முன்கால், பின்கால், திருப்பம், மறுபடி முன்கால். மணலில் கால் புதையும். புதைந்த காலைப் பறித்துத் திரும்புவதற்குள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். காலடி பழகிய பிறகுதான் வீச்சு. இரண்டு கையும் பிடித்தபடி மணிக்கட்டு மடங்கி, நிமிர்ந்து, கை மாறி, கம்பு தலைக்கு மேலே வட்டமிட்டு முதுகுப்புறம் இறங்கி முன்னே வரும். ‘விர்’ரென்ற சத்தம் ஒரே சீராக வந்தால் வீச்சு சரி. சத்தம் இடறினால் எங்கோ மணிக்கட்டு இறுகிவிட்டது என்று வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். குறவஞ்சி, துளுக்காணம், நாகசீறல், நாகதாளி, கள்ளன்கம்பு என்று வகைகள் பல. போட்டியென்றால் எதிராளியின் உடம்பில் கம்பு நுனி எத்தனை தடவை தொட்டது என்பதே கணக்கு. அடித்து வீழ்த்துவது இரண்டாம்பட்சம். தொடுவதும் தொடவிடாமல் காப்பதும்தான் வித்தை.

இந்த வித்தையைக் காமிராவுக்கு முன்னால் பொய்யாகச் செய்வது மிகக் கடினம். வாள்சண்டையில் முகத்தை நெருக்கத்தில் காட்டலாம், மோதும் இரண்டு வாள்களைத் தனியாகக் காட்டலாம், குதிப்பதற்கு டூப்பை அனுப்பலாம். எடிட்டர் ஒட்டிக்கொடுத்துவிடுவார். கம்பு அப்படி இடம் கொடுக்காது. ஐந்தடிக்கு மேல் நீளமுள்ள கம்பு சுழன்றால் அதன் வட்டம் சட்டத்துக்குள் அடங்க வேண்டும். காமிரா பின்னே தள்ளித்தான் போக வேண்டும். தள்ளிப் போனால் தலையிலிருந்து பாதம்வரை முழு ஆளும் தெரிவான். சுற்றுகிறவர் முகமும் தெரியும், கால் எங்கே வைக்கிறார் என்பதும் தெரியும். காலடி தவறினால் ஊரில் கம்பு பிடித்த எவனும் கொட்டகையிலேயே சிரித்துவிடுவான். ஆகவே கம்பைத் திரைக்குக் கொண்டுவரக் கற்ற நடிகரே தேவைப்பட்டார். கற்ற சண்டைக் கலைஞர்களும் எதிரே தேவைப்பட்டார்கள். ஆர்.என். நம்பியார், ஷ்யாம் சுந்தர் போன்ற சண்டைப் பயிற்சியாளர்களும், கே.பி. ராமகிருஷ்ணன் போல எம்.ஜி.ஆரோடு நிழலாக இருந்த வீரர்களும் அப்படிப்பட்டவர்கள். கம்பு ஓங்குகிறவரின் வேகத்தை எதிரே நிற்பவர் நம்பி வாங்க வேண்டும். அரை விநாடி பிசகினால் மண்டை உடையும். எதிராளியின் உயிரையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டே சண்டையிடுவதுதான் இவர்கள் வித்தை. அடி வாங்கி வாங்கி எம்.ஜி.ஆரை உயர்த்தியவர்களின் பெயர்கள் டைட்டிலில் கடைசியில் ஓடி மறைந்தன. அவர் புகழில் அவர்களுக்கும் நியாயமான பங்கு உண்டு.

1971

1967 ஜனவரி 12-ஆம் தேதி நடிகர் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தது, குரல் பழையபடி இல்லை. நடிகனுக்குக் குரல் போனால் பாதி போனது. ஆனால் ரசிகர்கள் அவரை விடவில்லை. அந்த உடம்பு ஏற்கெனவே அவர்களோடு பேசிப் பழகியிருந்தது என்பதே காரணம் என்று நான் நம்புகிறேன். ‘அடிமைப்பெண்’ணில் (1969) ஒற்றைக் காலில் நின்று வலைமேல் சண்டையிட்டார், சிங்கத்தோடும் மோதினார். அப்போது அவருக்கு ஐம்பது கடந்திருந்தது.

1971 மே மாதம் ‘ரிக்‌ஷாக்காரன்’ வெளியானது. சைக்கிள் ரிக்‌ஷாவை மிதித்துக்கொண்டே, ஒரு கை ஹேண்டில்பாரில் இருக்க, மறுகையால் கம்பைச் சுழற்றிச் சுற்றி நின்றவர்களை அடித்துப்போடும் காட்சி அதில்தான். சிலம்பத்தில் காலடிதான் உயிர் என்றேன். இங்கே கால் இரண்டும் பெடலில். நிலத்தில் வைக்க வேண்டிய காலடியை வண்டியின் வளைவுக்கு மாற்றிக் கொடுத்தார். ரிக்‌ஷா வளைகிற பக்கம் கம்பு தாழ்கிறது, நிமிர்கிற நேரம் உயர்கிறது. கால் முறிந்து தேறி, கழுத்தில் குண்டு வாங்கிய, ஐம்பத்துநான்கு வயது மனிதர் செய்த வித்தை அது. உடம்பின் உழைப்பையே தொழிலாகக் கொண்ட மனிதன், அந்தத் தொழிலின் இருக்கையை விட்டு இறங்காமலேயே தன்னைக் காத்துக்கொள்கிறான். சென்னை ரிக்‌ஷா தொழிலாளர்களுக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தவரின் கையில் அந்தக் கம்பு பொருத்தமாக இருந்தது. அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது.

அதே 1971-இன் கடைசியில் ஹாங்காங்கில் ஒரு படம் வந்தது: ‘தி பிக் பாஸ்’. ஐஸ் தொழிற்சாலையில் கூலி வேலை செய்யும் ஓர் இளைஞன், முதலாளியின் அக்கிரமத்தைத் தன் கை கால்களாலேயே எதிர்க்கிறான். நடித்தவர் புரூஸ் லீ. ஹாங்காங்கில் குழந்தை நட்சத்திரமாக வளர்ந்து, இப் மானிடம் விங் சுன் கற்று, அமெரிக்கா போய்த் தமக்கென ஜீத் குன் டோ என்ற முறையை வகுத்தவர். 1973 ஜூலை 20-ஆம் தேதி முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். அதற்குப் பிறகு வெளியான ‘என்டர் தி டிராகன்’ உலகமெங்கும் அவரைக் கொண்டுபோனது. எம்.ஜி.ஆருக்கும் புரூஸ் லீக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரே ஆண்டில் ஆசியாவின் இரண்டு ஊர்களில், உழைக்கும் மனிதன் தன் மண்ணின் வித்தையைக் கொண்டு நிமிர்வதைக் காட்டிய படங்கள் வந்தன. மக்கள் அவற்றை ஒரே மாதிரி கொண்டாடினார்கள். அப்படி ஒருவன் நிமிர்வதைக் காணும் தேவை இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது.

களத்துக்குத் திரும்பியது

‘என்டர் தி டிராகன்’ நம் ஊர்க் கொட்டகைகளிலும் ஓடியபின் பெரிய ஊர்களில் கராத்தே வகுப்புகள் முளைத்தன. பெல்ட், சீருடை, சான்றிதழ் என்று அதற்கு ஒரு மிடுக்கு இருந்தது. ஊர்ப்புறத்தில் கோயில் திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் ஆடுகிற கலையாகச் சிலம்பம் சுருங்கத் தொடங்கியது. சண்டியர்களின் வேலை என்று படித்த வீடுகளில் ஒதுக்கினார்கள். அந்தக் காலத்தில் சிலம்பத்தைத் தாங்கிப் பிடித்த கைகளில் எம்.ஜி.ஆர். படங்களும் உண்டு. 1976-இல் ‘உழைக்கும் கரங்கள்’ படத்தில் மான்கொம்பு எடுத்துச் சண்டையிட்டார். சிலம்பக் களத்துக்குள்ளேயே கொஞ்சம்பேர்தான் பழகிய அந்த ஆயுதத்தை இலட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 1977-இல் முதலமைச்சரான பிறகு வெளியான ‘மீனவ நண்பன்’ படத்திலும் அந்த உடம்பு திரையில் ஓயவில்லை. அவருக்குப் பின் 1992-இல் ‘தேவர் மகன்’ படத்தில் கமல்ஹாசன் கம்பு சுற்றியபோது, கதாநாயகன் கையில் கம்பு என்பது நம் திரையின் சொத்தாகிவிட்டிருந்தது.

இப்போது காலம் திரும்பியிருக்கிறது. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்குரிய 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்ப்பதாக 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. களங்களில் பெண்பிள்ளைகள் வந்து நிற்பதுதான் இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. திரையில் கம்பு பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் ஆணின் கையை விட்டு நகரவில்லை. களம் அந்த வகையில் திரையை முந்திவிட்டது.

எம்.ஜி.ஆர். விட்டுப்போன சொத்து எது என்று பலரும் பல பதில் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமானது இது. ஏழை வீட்டு எறவாணத்தில் கிடந்த கம்பு மதிக்கத்தக்க பொருள் என்று அவர் ஒரு தலைமுறையை நம்பவைத்தார். அதைச் சொல்வதற்கு அவர் முதலில் கற்றுக்கொண்டார். பாய்ஸ் கம்பெனியில் பசியோடு கற்றார். கதாநாயகன் வேடம் கிடைக்காத பத்தாண்டிலும் விடாமல் பழகினார். கால் முறிந்தும் குரல் உடைந்தும் திரும்பி வந்து பழகினார். திரையில் நாம் பார்த்த சில நிமிடங்களுக்குப் பின்னால் நாற்பதாண்டுப் பயிற்சி இருந்தது.

அந்த மரியாதையை நாம் திருப்பிச் செலுத்த வேண்டிய இடம் சிலம்ப வாத்தியார்கள்தான். உப்பளத்திலும் கட்டுமரத்திலும் கொத்துவேலையிலும் பகலைக் கழித்துவிட்டு, மாலையில் சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்குக் காலடி சொல்லித்தருகிறவர்கள் இந்தக் கரை நெடுக இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் அவர்களுக்கு நிரந்தர ஊதியத்தோடு இடம் கொடுக்க வேண்டும். கராத்தேவுக்குக் கிடைக்கிற கூடமும் விளக்கும் சிலம்பத்துக்கும் கிடைக்க வேண்டும். முகாமில் வளரும் பிள்ளைகளுக்கும், குடியுரிமைக் காகிதம் கேட்காமல், போட்டிகளில் நிற்க வழி செய்ய வேண்டும். சிலைக்கு மாலை போடுவதைவிட இவற்றைச் செய்வதுதான் நாவலப்பிட்டியில் பிறந்து இங்கே கம்பெடுத்த அந்த மனிதருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.